புத்தரைத் தேடி காஞ்சி வரை

புத்த யாத்திரை என்றதும் புத்தகயா, சாரநாத், குசிநகர் என்று வடக்கே பார்ப்பதுதான் நம் வழக்கம். வண்டலூர், தாம்பரம் பக்கம் இருப்பவர்களுக்கு அவ்வளவு தூரம் வேண்டாம். ஒரகடம், வாலாஜாபாத் வழியாக மேற்கே ஐம்பது கிலோமீட்டர் சொச்சம் போனால் காஞ்சிபுரம். கோயிலுக்கும் பட்டுக்கும் பேர்போன இந்த ஊர், ஒரு காலத்தில் பௌத்த உலகமே அறிந்த நகரம்.

கி.பி. 640 வாக்கில் இங்கு வந்த சீன யாத்ரீகர் யுவான் சுவாங், நூறு மடங்களும் பதினாயிரம் பிக்குகளும் இருந்ததாக எழுதியிருக்கிறார். அசோகர் எழுப்பியதாகச் சொல்லப்பட்ட நூறடி உயரத் தூபியையும் குறிப்பிடுகிறார். நாளந்தாவின் பேராசான் தர்மபாலர் பிறந்த ஊரும் இதுவே. யுவான் சுவாங் இங்கிருந்து இலங்கைக்குக் கப்பலேற எண்ணியிருந்தார். அங்கிருந்து வந்திறங்கிய பிக்குகளோ, அரசன் இறந்துவிட்டான், நாட்டில் பஞ்சம் என்றார்கள். பயணத்தைக் கைவிட்டார். இலங்கைச் செய்தி முதலில் வந்து சேரும் இடமாகக் காஞ்சி இருந்திருக்கிறது! மணிமேகலைக் காப்பியத்தில், நாயகி மணிமேகலை பௌத்தத் துறவி அறவண அடிகளிடம் அறம் கேட்டுத் தவம் பூண்டதும் காஞ்சியில்தான்.

பிறகு சைவ, வைணவ எழுச்சியில் பௌத்தம் மெல்லத் தேய்ந்தது. மடங்கள் மறைந்தன, சிலைகள் மிஞ்சின. கல்வெட்டறிஞர் து.அ. கோபிநாத ராவ் 1915இல் அவற்றைத் தேடிப் பதிவு செய்தார். கருக்கினில் அமர்ந்தாள் அம்மன் கோயிலில், கால்களை மடக்கித் தியானத்தில் அமர்ந்த புத்தர் சிலைகள் அவர் கண்டவற்றில் சேரும். ஏகாம்பரநாதர் கோயிலின் வெளிமதிலில், கருங்கல்லில் செதுக்கிய சின்னச் சின்னப் புத்தர்கள் இருக்கிறார்கள். அவசரமாக நடப்பவர் கண்ணில் படமாட்டார்கள். மதிலோரம் நின்று தேட வேண்டும்.

காமாட்சியம்மன் கோயிலில் இருந்த, ஏழடிக்கும் மேற்பட்ட நின்ற கோலப் புத்தரைக் காண மட்டும் எதிர்த்திசையில் போக வேண்டும். அவர் இப்போது எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் இருக்கிறார். நாகப்பட்டினத்துப் புத்தர் செப்புத்திருமேனிகளும் அங்கேதான். அந்தச் செப்புப் புத்தர்களின் உச்சியில் சுடர் எழும் அழகை அருகில் நின்று பாருங்கள். எழும்பூர் கென்னட் சந்தில் உள்ள மகாபோதி சங்கம், புத்தகயா செல்லும் இலங்கை யாத்ரீகர்கள் தங்கிப் போகும் இடம். அந்தப் பழைய யாத்திரைத் தொடர்பு இன்னும் அறவில்லை.

வண்டலூரில் மின்ரயில் ஏறினால் எழும்பூரில் இறங்கலாம். வெள்ளிக்கிழமை அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. காஞ்சிக்குத் தாம்பரத்திலிருந்து பேருந்து உண்டு. செங்கல்பட்டு வழியாகத் திருமால்பூர் செல்லும் மின்ரயிலும் உண்டு. ரயில்கள் குறைவு, நேரம் பார்த்துக் கிளம்புங்கள்.

காஞ்சியில் எஞ்சியிருக்கும் ஒவ்வொரு புத்தர் சிலைக்கும் பக்கத்தில், அது எந்தக் காலத்தது என்று தமிழில் சொல்லும் பலகையை அறநிலையத் துறையும் தொல்லியல் துறையும் சேர்ந்து வைக்க வேண்டும். பெரிய செலவில்லை; மனம்தான் வேண்டும்.