உஷார்! பச்சை பெயின்ட்டைப் பார்த்துப் பணத்தைக் கொடுக்காதீர்கள்

"ஆர்மி டிஸ்போசல் வண்டி சார். ஒரே பீஸ். சாயங்காலத்துக்குள்ள அட்வான்ஸ் போட்டீங்கன்னா உங்களுக்கு. இல்லேன்னா பெங்களூர் பார்ட்டி எடுத்துட்டுப் போயிடுவார்." இப்படி ஒரு போன் வந்தால் ஒரு ரூபாய்கூட அனுப்பாதீர்கள். வண்டியை நேரில் பார்க்க வேண்டும். பெட்ரோல் டாங்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நம்பரை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். அதன் பிறகுதான் விலைப் பேச்சே.

பழைய பைக்குகள் மீதான மோகம் ஏறிக்கொண்டே போகிறது. ராணுவத்துக்கோ போலீசுக்கோ ஓடிய வண்டி என்றால் விலை தனி. அதனால் சாதாரண வண்டிக்கு ராணுவ வேஷம் கட்டும் வேலையும் மும்முரமாக நடக்கிறது. ஆலிவ் பச்சை ஸ்ப்ரே, டாங்கில் ஸ்டென்சில் வைத்து ஒரு வெள்ளை அம்புக்குறி, பக்கத்தில் சில எண்கள், பின்னால் இரண்டு கேன்வாஸ் பை. வேஷம் முடிந்தது. இதில் மாட்டியவருக்குப் பணம் போவதோடு தொல்லை தீர்வதில்லை. ஆர்டிஓ அலுவலகத்திலும் சில சமயம் காவல் நிலையத்திலும் பதில் சொல்ல வேண்டி வருகிறது.

அந்தப் பச்சையையே முதலில் எடுத்துக்கொள்வோம். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இல் விதி 121 இருக்கிறது. பாதுகாப்புத் துறையின் வண்டியைத் தவிர வேறு எதற்கும் ஆலிவ் பச்சை அடிக்கக் கூடாது என்கிறது அது. அப்படியென்றால் ராணுவம் ஏலத்தில் விட்டு, பொதுஜனம் வாங்கி, முறையாகப் பதிவு செய்த வண்டியில் பச்சைக்கு மேல் வேறு நிறம் ஏறியிருக்க வேண்டும். பளபளவென்று மேலே தெரியும் பச்சை எதற்கும் சாட்சி ஆகாது. சாட்சி உள்ளே இருக்கிறது. ஒரு டார்ச் எடுத்துக்கொண்டு போங்கள். டாங்குக்கு அடியில், டூல் பாக்ஸின் உட்பக்கத்தில், ஹெட்லைட் கூட்டுக்குள், சீட்டுக்குக் கீழே ஃபிரேம் குழாய்கள் சேரும் மூலையில் வெளிச்சம் அடித்துப் பாருங்கள். உண்மையான டிஸ்போசல் வண்டியில் கறுப்புக்கோ மெரூனுக்கோ அடியில், அழுக்கும் கிரீஸும் ஏறிய, பொலிவற்ற பச்சை ஒளிந்திருக்கும். வேஷம் கட்டிய வண்டியில் அடுக்கு தலைகீழாக இருக்கும்: மேலே புதுப் பச்சை, போல்ட் துளை ஓரத்தில் பெயின்ட் பெயர்ந்த இடத்தில் பழைய மெரூன். விற்பவர் டாங்கைக் கழற்ற விடமாட்டேன் என்றால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இன்னும் பெரிய ஏமாற்று, உலகப்போர் வண்டிகளில் நடக்கிறது. இரண்டாம் உலகப்போருக்காக பிஎஸ்ஏ நிறுவனம் எம் 20 ரகத்தில் சுமார் 1,26,000 வண்டிகள் செய்து கொடுத்தது. 500 சிசி, சைடு வால்வு இன்ஜின். வேகம் குறைவு, உழைப்பு அதிகம். நார்ட்டன் 16 எச், மேட்ச்லெஸ் ஜி 3 எல் போன்றவையும் அதே போருக்காகவே ஆயிரக்கணக்கில் உருவானவை. போர் முடிந்ததும் இந்தியாவிலேயே நின்றுபோன வண்டிகளின் மிச்சம்தான் இன்று கைமாறுகிறது. முழு வண்டியாகக் கைமாறினால் நல்லது. பல சமயம் மூன்று வண்டிகளின் துண்டுகளைச் சேர்த்து ஒன்றாக்கி, '1942 மாடல், எல்லாம் ஒரிஜினல்' என்கிறார்கள்.

எம் 20 என்றால் முன்பக்கத்தைப் பாருங்கள். போர்க்கால எம் 20க்கு கர்டர் ஃபோர்க், அதாவது நடுவில் ஒரே பெரிய ஸ்பிரிங் வைத்த பழைய அமைப்பு. டெலஸ்கோப்பிக் ஃபோர்க் இந்த ரகத்துக்கு வந்தது 1948இல்தான். ஆகவே டெலஸ்கோப்பிக் ஃபோர்க் மாட்டிய 1942 எம் 20 ஒட்டு வேலை. ஆனால் மேட்ச்லெஸ் ஜி 3 எல்லுக்கு 1941லேயே டெலஸ்கோப்பிக் உண்டு. ஒரு ரகத்தில் தப்பானது இன்னொரு ரகத்தில் சரியாக இருக்கும் என்பதால், பொத்தாம்பொதுவாகப் பேசும் 'எக்ஸ்பர்ட்'டை நம்பாதீர்கள்.

கைப்பிடியும் கால்மிதியும் பேசும். 1942இல் மலாயா ஜப்பானிடம் விழுந்தது. நம் மக்கள் பால்மரம் வெட்டிய அந்தத் தோட்டங்களோடு பிரிட்டனுக்கு வந்துகொண்டிருந்த ரப்பரும் நின்றது. அதன்பின் வந்த ராணுவ வண்டிகளில் கைப்பிடிக்குக் கேன்வாஸ், கால்மிதிக்கு வெறும் இரும்பு, டாங்கின் பக்கத்தில் முழங்கால் ரப்பர் கிடையாது. 1943 வண்டி என்று சொல்லி, ரப்பர் எல்லாம் ஃபேக்டரியில் போட்டதே என்று சாதித்தால் ஆள் கதை விடுகிறார்.

இதெல்லாம் மாற்றக்கூடிய பாகங்கள். மாற்றவே கூடாதது நம்பர். உங்கள் பணத்தைக் காப்பாற்றுவதும், உங்களைச் சிக்கலில் தள்ளுவதும் இதுதான். இன்ஜின் நம்பர் கிராங்க் கேஸில், சிலிண்டர் உட்காரும் இடத்தை ஒட்டி இருக்கும். போர்க்கால எம் 20 என்றால் 'டபிள்யூ எம் 20' என்ற ஆங்கில எழுத்துகளில் தொடங்கும். அந்த இடத்தில் பெட்ரோல் தொட்ட துணியால் துடைத்துவிட்டு, விரலை வைத்துப் பாருங்கள். சுற்றிலும் வார்ப்பு அலுமினியம் சொரசொரப்பாக இருந்து, நம்பர் உள்ள இடம் மட்டும் வழுவழுப்பாகக் குழிந்திருந்தால் யாரோ கிரைண்டர் போட்டிருக்கிறார்கள். ஃபிரேம் நம்பர் மேல் மெல்லிய பேப்பர் வைத்துப் பென்சிலால் தேய்த்து எடுங்கள். பழைய இலக்கத்தின் நிழல் புது இலக்கத்துக்குப் பின்னால் தெரிந்தால், பட்டி போட்டு மூடிய தடம் வந்தால், அந்த வண்டி திருட்டு வண்டியாகவே இருக்கலாம். தெரியாமல் வாங்கினேன் என்று நிரூபிப்பது உங்கள் தலையில் விழும்.

'மேட்சிங் நம்பர்' என்ற வார்த்தைக்கும் மயங்காதீர்கள். பழைய பிஎஸ்ஏவில் இன்ஜின் நம்பரும் ஃபிரேம் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை. இரண்டையும் ஒன்றாக்கினால் விலை ஏறும் என்று நம்பி, நல்ல நம்பரையே அழித்துப் புதிதாகக் குத்துகிறவர்கள் இருக்கிறார்கள். எண்பது வருட ஆதாரத்தை ஒரு சுத்தியல் அடியில் தொலைப்பதைப் பார்க்கும்போது வயிறு எரிகிறது. பிரிட்டனின் வின்டேஜ் மோட்டார் சைக்கிள் கிளப்பிடம் பல கம்பெனிகளின் ஃபேக்டரி பதிவேடுகள் இருக்கின்றன. கட்டணம் செலுத்தி, இரண்டு நம்பரையும் கொடுத்து விசாரிக்கலாம். அட்வான்ஸுக்கு முன்னால் செய்ய வேண்டிய செலவு அது.

புல்லட்டுக்கு வருவோம். 1950களின் தொடக்கத்தில் இந்திய ராணுவம் 350 புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டும் 1955இல் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்க, திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. ரெட்டிச் ஆலை 1967இல் மூடப்பட்டுவிட்டது. ஆகவே '1970 இங்கிலாந்து மேக் புல்லட்' என்று யாராவது சொன்னால் பொய். ஸ்மித்ஸ் மீட்டர், லூகாஸ் விளக்கு, அமால் கார்ப்ரேட்டர் என்று பெயர்களை அடுக்கி அசத்துவார்கள். அந்தப் பெயர்கள் அச்சிட்ட நகல்கள் மார்க்கெட்டில் தாராளம். மீட்டர் முகத்தில் எழுத்து கறுகறுவென்று புதிதாக இருக்க, அதே மீட்டரின் பின்கூடு துருவேறி இருந்தால், டயல் மாற்றியிருக்கிறார்கள்.

பேப்பர் விஷயத்தில் இரண்டு விதிகள். 2023 ஏப்ரல் 1 முதல், 15 வருடம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவு புதுப்பிக்கப்படாது. அவை அங்கீகாரம் பெற்ற உடைப்பு மையத்துக்குத்தான் போக வேண்டும். எனவே 'இப்போதான் போலீஸ் ஏலத்தில் எடுத்தேன், ரோட்டில் ஓட்டலாம்' என்று ஒரு பழைய புல்லட்டைக் காட்டினால் ஏலப் பத்திரத்தைக் கேளுங்கள், ஆர்டிஓவில் நேரில் விசாரியுங்கள். இன்னொன்று, 2021இல் வந்த வின்டேஜ் பதிவு. முதல் பதிவிலிருந்து 50 வருடம் தாண்டி, சேஸிஸும் இன்ஜினும் மாறாமல் அசல் வடிவத்தில் இருக்கும் வண்டிக்கே அது கிடைக்கும். நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். மூன்று வண்டி சேர்த்த ஒட்டு வண்டியை வைத்துக்கொண்டு இதற்கு மனுப் போட்டால் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். விற்பவர் 'விஏ வாங்கித் தருகிறேன்' என்றால், வாங்கிய பிறகு பணம் தருகிறேன் என்று சொல்லுங்கள்.

நல்ல வண்டி ஏற்கெனவே வீட்டில் நிற்கிறதா? தாத்தா வாங்கிய டிஸ்போசல் வண்டியா? உங்களுக்கும் ஆபத்து உண்டு, அது பெயின்ட் கடையில். சாண்ட் பிளாஸ்டிங் செய்யும் பையனுக்கு நம்பரும் துருவும் ஒன்றுதான். ஃபிரேமை அனுப்பும் முன் நம்பரை நாலு கோணத்தில் போட்டோ எடுத்து, பென்சில் பிரதியும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் தடித்த டேப்பை மூன்று நான்கு சுற்று ஒட்டுங்கள். மணல் அடிக்கும்போது பக்கத்திலேயே நில்லுங்கள். கழற்றிய பழைய போல்ட், பிராக்கெட், ஒடிந்த கைப்பிடி எதையும் காயலான் கடைக்குப் போட விடாதீர்கள்; ஒரு சாக்கில் கட்டி, வண்டி நம்பரை எழுதிப் பரணில் போடுங்கள்.