காசு கொடுத்தும் சொந்தமாகாத ஆட்டங்கள்

வீடியோ கேமுக்குத் தொடக்கத்தில் கதை கொடுத்தது அறிவியல் புனைவுதான். 1962இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பிடிபி-1 கணினிக்காக எழுதப்பட்ட 'ஸ்பேஸ்வார்!' ஆட்டத்தின் மூலம், அதை எழுதிய இளைஞர்கள் விழுந்து விழுந்து படித்த விண்வெளிச் சாகச நாவல்கள். இரண்டு விண்கலங்கள், ஏவுகணைகள், நடுவில் இரண்டையும் தன்பக்கம் இழுக்கும் ஒரு நட்சத்திரம். ஆட்டம் அவ்வளவுதான். பின்னணி வானத்தைக்கூட உண்மையான நட்சத்திர வரைபடத்தைப் பார்த்தே போட்டார்கள்.

1978இல் ஜப்பானில் வந்த 'ஸ்பேஸ் இன்வேடர்ஸ்' ஆட்டத்தின் எதிரிகளுக்கு எச்.ஜி.வெல்ஸ் கதையின் ஆக்டோபஸ் போன்ற செவ்வாய்வாசிகள் முன்மாதிரி. ஐந்து வரிசையில் 55 எதிரிகள். அத்தனையையும் நகர்த்த அன்றைய சில்லு திணறியது. சுடச் சுட எண்ணிக்கை குறைந்ததும் அதன் வேலையும் குறைந்து, மிஞ்சியவை வேகமெடுத்தன. வன்பொருளின் இந்தக் குறையை உருவாக்கியவர் திருத்தாமல் விட்டார். கடைசி எதிரியைத் துரத்தும்போது வரும் பதற்றம் அப்படிக் கிடைத்ததுதான்.

பிறகு ஆட்டம் வீட்டுத் தொலைக்காட்சிக்கு வந்தது. 1983இல் ஜப்பானில் வெளியான ஃபேமிகாம் என்ற ஆட்டக் கருவியின் மலிவான நகல்கள் 1990களில் தமிழ்நாட்டிலும் 'டிவி கேம்' என்று விற்றன. 'மாரியோ', 'கான்ட்ரா' எல்லாம் கேசட்டில் வந்தன. அட்டையில் 9999 ஆட்டம் என்றிருக்கும். போட்டுப் பார்த்தால் பத்திருபதே பெயர் மாற்றித் திரும்பத் திரும்ப வரும். ஏமாற்றுதான். ஆனாலும் அந்தக் கேசட்டுக்குள் இருந்த நினைவகச் சில்லில் முழு ஆட்டமும் பதிந்திருந்தது. செருகினால் ஓடும், யாரிடமும் அனுமதி கேட்காது. நண்பனுக்கு இரவல் தரலாம், பாதி விலைக்கு விற்கலாம்.

இணையம் இதை மாற்றியது. பலர் சேர்ந்து ஆடும் ஆட்டம் புதிதல்ல. இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் 1978லேயே எழுத்து வடிவில் அப்படியொன்று உருவானது. தனியாக ஆடுபவரும் நிறுவனத்தின் சர்வரோடு இணைந்தே இருக்க வேண்டும் என்ற ஏற்பாடுதான் புதிது. 2014இல் வந்த 'தி க்ரூ' என்ற கார் பந்தய ஆட்டத்தைத் தனியாக ஓட்டவும் சர்வர் தேவை. 2024 மார்ச் 31இல் அது நிறுத்தப்பட்டது. முழு விலை கொடுத்தவர் வீட்டு வட்டு அன்றோடு வெறும் தட்டு.

சட்டப்படி அவர்கள் வாங்கியது ஆட்டத்தை அல்ல, ஆடுவதற்கான உரிமத்தை. யாரும் படிக்காத ஒப்பந்தப் பத்திகளில் அது எழுதியிருக்கும். வெறும் உரிமத்தை விற்கும்போது அதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்ற சொல்லைப் போடக்கூடாது என்று கலிஃபோர்னியா மாநிலம் 2024இல் சட்டமே இயற்ற வேண்டியிருந்தது. சில நூறு பேருக்காகச் சர்வரை ஓட்டுவது கட்டுப்படியாகாது என்று தயாரிப்பாளர்கள் சொல்வதிலும் நியாயம் உண்டு. ஆனால் நிறுத்தும் நாளில், சர்வர் இல்லாமல் ஓடும்படி ஒரு மாற்றத்தைத் தந்துவிட்டுப் போகலாமே.

இழப்பு ஆடுபவரோடு நிற்பதில்லை. அமெரிக்காவில் 2010க்கு முன் வெளியான ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று கடையில் கிடைப்பதில்லை என்று 2023இல் வந்த ஓர் ஆய்வு கணக்கிட்டது. அவற்றில் பலவற்றுக்குப் பழைய கேசட்டோ வட்டோ எங்காவது இருக்கும். 'ஸ்பேஸ்வார்!' கூட, பழுது நீக்கிய பிடிபி-1 கணினியில் கலிஃபோர்னியா அருங்காட்சியகம் ஒன்றில் ஓடுகிறது. சர்வரோடு போன ஆட்டத்துக்கு அருங்காட்சியகத்தில் வைக்கக்கூட ஒன்றும் மிஞ்சாது.

விற்ற ஆட்டத்தை ஆடக்கூடிய நிலையிலேயே விட்டுச் செல்ல வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியத்திடம் அளிக்கப்பட்ட குடிமக்கள் கோரிக்கையில் 2025 ஜூலைக்குள் 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். சட்டம் வரும்வரை, பணம் கட்டும் முன் இணையம் இல்லாமல் ஓடுமா என்று பார்த்துக்கொள்வது நல்லது.