பறக்க மறுக்கவும் பயிற்சி வேண்டும்

புதுச்சேரி லாஸ்பேட்டை விமான நிலையத்தில் பெங்களூருக்கோ ஐதராபாத்துக்கோ புறப்படவிருக்கும் பயணிகள் ஒரு காட்சியைக் கவனித்திருக்கக்கூடும். புறப்பாட்டுக்குச் சற்று முன்பு விமானி ஒருவர் விமானத்தைச் சுற்றி மெதுவாக நடந்து வருவார். சக்கரத்தின் அருகே குனிவார். இயந்திரத்தை அண்ணாந்து பார்ப்பார். இறக்கையின் விளிம்பை உற்று நோக்குவார். பொறியாளர் பரிசோதித்துக் கையொப்பமிட்ட விமானத்தில் இவர் இன்னும் எதைத் தேடுகிறார் என்ற ஐயம் எழுவது இயல்பே.

விமானம் நல்ல நிலையில் இருக்கிறது எனச் சான்றளிப்பது பொறியாளரின் கடமை. அந்த விமானம் இப்போது, இந்தப் பயணத்துக்குப் பறக்கத் தகுதியானதா என்று தாமே உறுதிசெய்துகொள்வது விமானியின் கடமை. ஒருவர் செய்துவிட்டதால் மற்றவரின் கடமை தீர்ந்துவிடாது. பயிற்சி விமானி முதலில் கற்க வேண்டிய பாடம் இது.

வான்தகுதி என்பதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. அங்கீகரிக்கப்பட்ட வடிவமைப்புக்கு மாறாமல் விமானம் இருக்க வேண்டும்; பாதுகாப்பாகப் பறக்கும் நிலையிலும் இருக்க வேண்டும். முதலாவதைப் பெரிதும் ஆவணங்கள் சொல்லும். பதிவுச் சான்றிதழ், வான்தகுதிச் சான்றிதழ், ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டிய மறுஆய்வுச் சான்றிதழ், பராமரிப்புப் பதிவேடு ஆகியவற்றை மாணவர் புரட்டிப் பார்க்கக் கற்கிறார். அடுத்த பராமரிப்புக்கு இன்னும் எத்தனை மணி நேரம் மீதமிருக்கிறது, முன்பு பறந்தவர் குறித்த கோளாறு சரிசெய்யப்பட்டதா என்பவை அதில் முக்கியமானவை.

இரண்டாவது நிபந்தனையைக் கண்ணும் கையும்தான் சொல்ல வேண்டும். இந்தியப் பயிற்சி மையங்களில் பரவலாகப் பயன்படும் செஸ்னா 172 விமானத்தில், எரிபொருள் தொட்டியின் அடியிலிருந்து சிறிதளவு எரிபொருளை ஒளிபுகும் குப்பியில் பிடித்துப் பார்ப்பார்கள். இந்த விமானங்களுக்கான பெட்ரோல் நீல நிறமுடையது. தண்ணீர் கலந்திருந்தால் அது அடியில் தனியே தங்கும். குப்பி முழுவதும் ஒரே சீராகத் தெளிந்திருந்தால் மாணவர் மகிழ்ந்துவிடக் கூடாது. நீல நிறம் இல்லையென்றால் அது முழுவதும் தண்ணீராகவே இருக்கலாம். புதுச்சேரி போன்ற கடலோர ஊர்களின் ஈரக்காற்றில், பாதி நிரம்பிய தொட்டிக்குள் இரவில் நீர்த்துளிகள் படியும். உப்புக்காற்று உலோகத்தை அரிக்கும். இடம் மாறினால் தேட வேண்டிய குறையும் மாறுகிறது.

பிரெஞ்சுத் தெருப்பெயர்களுக்குப் பழகிய புதுச்சேரிக்காரர்களுக்கு விமானத்தின் உறுப்புகளும் அந்நியமாகத் தோன்றா. உடற்பகுதியைக் குறிக்கும் ஃபியூஸலாஜ், இறக்கையின் அசையும் பகுதியைக் குறிக்கும் எலரோன் ஆகியவை பிரெஞ்சுச் சொற்களே. காற்றின் அழுத்தத்தைக் கொண்டு வேகத்தை அறிய உதவும் பீத்தோ குழாய், 1732-இல் சேன் நதியின் நீரோட்டத்தை அளக்க அதன் முன்னோடியை உருவாக்கிய பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்ரி பீத்தோவின் பெயரைத் தாங்கியிருக்கிறது. விரலளவே உள்ள இக்குழாயின் வாயில் குளவி கூடு கட்டினால் போதும், விமானியின் வேகமானி பொய் சொல்லத் தொடங்கும்.

1996 பிப்ரவரியில் டொமினிக்கன் குடியரசிலிருந்து புறப்பட்ட பர்ஜன்ஏர் விமானம் கடலில் விழுந்து 189 பேர் இறந்தனர். பல நாள்கள் பறக்காமல் நின்றிருந்த அவ்விமானத்தின் பீத்தோ குழாயைக் குளவிக் கூடு அடைத்திருக்கலாம் என்று விசாரணையாளர்கள் கருதினர். ஓடுதளத்தில் விரையும்போதே தமது வேகமானி வேலை செய்யவில்லை என்பதைத் தலைமை விமானி கவனித்தார், ஆயினும் நிறுத்தவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் பெரு நாட்டு விமானம் ஒன்று கடலில் வீழ்ந்து 70 பேர் மாண்டனர். விமானத்தைக் கழுவும்போது காற்றழுத்தத் துளைகள்மீது ஒட்டிய நாடாவை யாரும் அகற்றவில்லை. விமானியின் சுற்றுப் பார்வையிலும் அது தப்பிவிட்டது.

இவற்றிலிருந்து இரண்டு பாடங்கள் கிடைக்கின்றன. பார்ப்பது வேறு, சுற்றி வருவது வேறு என்பது ஒன்று. குறையைக் கண்டால் மட்டும் போதாது, கண்டபின் நிறுத்தும் துணிவும் வேண்டும் என்பது மற்றொன்று. முதலாவதைச் சரிபார்ப்புப் பட்டியல் ஓரளவு கற்பித்துவிடும். இரண்டாவதைக் கற்பிப்பதுதான் கடினம்.

வணிக விமானி உரிமம் பெற 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். சேலத்துக்கோ வெளிநாட்டுக்கோ பயிற்சிக்குச் செல்லும் இளைஞர் பலரின் பின்னால், நிலத்தை விற்றோ கடன் வாங்கியோ பணம் கட்டிய குடும்பம் இருக்கிறது. ஒவ்வொரு மணி நேரமும் பணம்; ஒவ்வொரு நாள் தாமதமும் செலவு. அந்த நிலையில் 20 வயது மாணவர், மூத்த பயிற்றுநரிடம், 'ஐயா, இந்த டயர் எனக்குச் சரியாகப் படவில்லை' என்று சொல்லத் தயங்குவார். மூத்தோர் சொல்லுக்கு மறுசொல் கூடாது என்று வளர்க்கப்பட்ட நம் பிள்ளைகளுக்கு அத்தயக்கம் இருமடங்காகும்.

எனவே பயிற்றுநர்களின் பொறுப்பு பெரிது. சில நாள்களில், மாணவருக்குச் சொல்லாமல், பீத்தோ குழாயின் உறையை வேண்டுமென்றே கழற்றாமல் விட்டு, அவர் கண்டுபிடிக்கிறாரா என்று பார்க்கலாம். கண்டுபிடித்தால் பாராட்ட வேண்டும். ஐயம் தவறாகவே இருந்தாலும் கேலி செய்யக் கூடாது. உண்மையான குறையைக் காட்டிப் பறக்க மறுத்த நாளுக்கு மாணவரிடம் கட்டணம் பெறக் கூடாது. தேர்வாளர்களும் குறைகளின் பெயர்களைக் கேட்பதோடு நில்லாமல், 'எப்போது மறுப்பாய்?' என்று கேட்க வேண்டும்.

பயணிகளுக்கும் இதில் பங்குண்டு. தொழில்நுட்பக் காரணத்தால் விமானம் தாமதம் என்ற அறிவிப்பைக் கேட்டதும் நாம் முணுமுணுக்கிறோம். எங்கோ ஒரு விமானி குனிந்து பார்த்து, 'இது வேண்டாம்' என்று சொல்லியிருக்கலாம். அந்தச் சொல்லைச் சொல்லும் துணிவை அவருக்கு யாரோ ஓர் ஆசிரியர் கற்றுக்கொடுத்திருக்கிறார் என்று அப்போது நினைத்துக்கொள்வோம்.