ஊர்ப் பணத்தில் சாமான் வாங்குவது

கத்தரிக்காய் வாங்கும் நம் வீட்டு ஸ்திரீகளைக் கவனித்திருக்கிறீர்களா? காம்பைப் பார்ப்பார்கள், சொத்தை உண்டா என்று திருப்பிப் பார்ப்பார்கள், நாலு கடை விசாரித்த பிறகே முந்தானை முடிச்சு அவிழும். இந்தச் சாமர்த்தியம் ஒரே நாளில் வந்ததல்ல. தாயாரிடமும் மாமியாரிடமும் வருஷக் கணக்காகக் கற்றது.

வில்லியனூர், பாகூர் கம்யூன் பஞ்சாயத்துக்களும் ஊருக்காகச் சாமான் வாங்க வேண்டியவைதாம். பிரெஞ்சு ஆட்சியில் 1880-ஆம் வருஷம் ஏற்பட்டது கம்யூன் முறை. தெரு விளக்கு, தண்ணீர்க் குழாய், சாலைக்கு ஜல்லி என்று தேவைகளுக்குக் குறைவில்லை. ஆனால் ஊர்ப் பணத்தில் வாங்குகிறவருக்கு யார் கற்றுக் கொடுப்பது?

விதிகள் இல்லாமல் இல்லை. 2016-இல் மத்திய சர்க்கார் மின்சந்தை ஒன்றைத் திறந்தது. 2017-இல் பொது நிதி விதிகள் திருத்தி வெளியாயின. ஆயினும், 'நல்ல விளக்கு வேண்டும்' என்று மட்டும் ஒரு குமாஸ்தா டெண்டரில் எழுதிவிட்டால் என்ன ஆகும்? விலை குறைவாகக் கேட்டவர் மட்டமான சரக்கைக் கொடுத்துவிட்டுப் போவார். விதியும் மீறப்படவில்லை, தெருவிலோ இருட்டு!

ஆகவே, ஆள் தயார் செய்வதே முதற் காரியம். தேவையைத் திட்டமாக எழுத ஒருவர், விலைகளை ஒப்பிட ஒருவர், வந்த சரக்கைச் சோதித்து ஏற்க வேறொருவர் வேண்டும். அநுபவஸ்தர் ஓய்வு பெறும் நாள் முன்கூட்டியே தெரிந்ததுதானே? அதற்கு ஓரிரண்டு வருஷம் முன்பே இளைஞர் ஒருவரை அவர் பக்கத்தில் உட்கார்த்தினால் என்ன? அமெரிக்காவில் சிவில் இலாகாக்களின் கொள்முதல் சிப்பந்திகளைப் பயிற்றுவிக்க 1976-லேயே தனி ஸ்தாபனம் ஏற்பட்டது. நம் நாட்டிலும் பரீதாபாத்திலுள்ள நிதி நிர்வாகக் கழகம் கொள்முதல் பயிற்சி அளிக்கிறது.

இது அந்நியச் சரக்கு என்று எண்ண வேண்டாம். பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, வாரியத்தில் அமர்பவருக்கு வயதும் கல்வியும் விதித்தது. கணக்குக் காட்டாதவரையும் அவர் உறவினரையும் விலக்கியது.

பாகூருக்கும் ஒரு பெருமை உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில், நிருபதுங்கவர்மன் காலத்தில், அங்கிருந்த வித்தியா ஸ்தானத்துக்கு மூன்று கிராமங்கள் விடப்பட்டதாகச் செப்பேடு கூறுகிறது. கல்விக்கு மூன்று கிராமங்களைக் கொடுத்த மண்ணில், ஊர்ப் பணத்தைச் செலவிடும் சிப்பந்திக்குச் சில வாரப் படிப்பைக் கொடுப்பது அதிகமா?