கறிவேப்பிலைக் கன்றுக்குப் பசியா, செரிமானக் கோளாறா?

தாழ்வாரத்தில் ஒரு சாண் உயரக் கறிவேப்பிலைக் கன்று நிற்கிறது. நாற்றுப் பண்ணையிலிருந்து வாங்கி வந்தபோது பளபளவென்று இருந்தது. இரண்டு மாதங்களில் கொழுந்து வெளுத்து மஞ்சளாகிவிட்டது. பக்கத்து வீட்டு அக்கா கோழி எரு போடச் சொல்கிறார். ஊரிலிருந்து தொலைபேசியில் பேசும் அத்தை புளித்த மோரை ஊற்றச் சொல்கிறார். காணொளியில் ஒருவர் முட்டை ஓட்டை நொறுக்கித் தூவச் சொல்கிறார். நீங்கள் மூன்றையும் ஒரே வாரத்தில் செய்து முடிக்கிறீர்கள். அடுத்த வாரம் இலைகள் உதிரத் தொடங்குகின்றன.

வீவக வீடுகளில் இது அடிக்கடி நடப்பதுதான். தொட்டியில் வாடும் இளங்கன்றுகளில் பல பட்டினியால் சாவதில்லை. அளவுக்கு மீறிய உபசாரமே அவற்றைக் கொல்கிறது. கன்று மஞ்சளானதும் உரத்தைத் தேடுகிறோம். ஆனால் தொட்டியில் சத்து இருப்பது வேறு, அந்தச் சத்தை வேர் எடுத்துக்கொள்ளும் நிலையில் இருப்பது வேறு. இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்பவை மண்ணின் நுண்ணுயிர்களும் அதன் பிஎச் அளவும்.

முதலில் பிஎச் பற்றிக் கொஞ்சம். ஒரு பொருள் எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்பதைச் சொல்லும் இந்த அளவுகோலை 1909இல் டென்மார்க்கின் கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தில் சோரன்சன் என்ற வேதியியலாளர் உருவாக்கினார். ஆம், பீர் தயாரிக்கும் அதே கார்ல்ஸ்பர்க்தான். 7 நடுநிலை. அதற்குக் கீழே அமிலம், மேலே காரம். ஓர் அலகு மாறினால் பத்து மடங்கு மாற்றம் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. பிஎச் 5 உள்ள மண், 7 உள்ள மண்ணைவிட நூறு மடங்கு அமிலத்தன்மை கொண்டது. தொட்டிச் செடிகளில் பெரும்பாலானவை 5.5 முதல் 6.5 வரை, அதாவது சற்றே அமிலமான கலவையில், சுகமாக வளரும். கறிவேப்பிலையும் அப்படியே.

மஞ்சள் எங்கே தொடங்குகிறது?

உரத்தைக் கையில் எடுக்குமுன் கன்றின் அருகில் உட்கார்ந்து பாருங்கள். மஞ்சள் கீழ் இலைகளில் தொடங்கியதா, கொழுந்தில் தொடங்கியதா?

தழைச்சத்து செடிக்குள் இடம் மாறக்கூடியது. அது போதாதபோது செடி தன் பழைய இலைகளிலிருந்து அதை எடுத்துக் கொழுந்துக்கு அனுப்பும். ஆகவே கீழ் இலைகள் முழுதாக வெளுக்கும், கொழுந்து பச்சையாகவே இருக்கும். இது உண்மையான பசி, உரம் உதவும். மக்னீசியம் குறைந்தாலும் பழைய இலைகளில்தான் தெரியும், ஆனால் நரம்புகளின் ஓரம் பச்சையாக இருக்க நடுப்பகுதி வெளுக்கும்.

இரும்புச்சத்து வேறு மாதிரி. அது போன இடத்தில் தங்கிவிடும். எனவே பற்றாக்குறை கொழுந்தில்தான் தெரியும்: இலை மஞ்சள், நரம்புகள் மட்டும் வலைப்பின்னல்போல் பச்சை. கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்தைச் சேர்ந்தது. அந்தக் குடும்பத்துக்கு இது பழகிய நோய். இங்கேதான் நாம் ஏமாறுகிறோம். இந்த மஞ்சளுக்குக் காரணம் பெரும்பாலும் தொட்டியில் இரும்பு இல்லாதது அல்ல. மண்ணில் இரும்பு இருக்கும், ஆனால் கரையாது. பிஎச் ஓர் அலகு ஏறும்போது, காற்றோட்டமுள்ள மண்ணில் கரைந்திருக்கும் ஃபெரிக் இரும்பு ஆயிரம் மடங்கு குறைகிறது. 6இல் வேருக்கு எட்டிய இரும்பு 7.5இல் துரும்புபோல் பூட்டிக்கொள்ளும். மாங்கனீசும் துத்தநாகமும் அதே வழிதான் போகும். இப்போது முட்டை ஓட்டையும் சாம்பலையும் கொட்டினால் பூட்டின் மேல் பூட்டு.

வேர் அழுகினாலும் கொழுந்து வெளுக்கலாம். தொட்டி எப்போதும் சொதசொதவென்று இருந்தால் பிஎச் பற்றி யோசிக்குமுன் அடியில் உள்ள துளைகளைப் பாருங்கள்.

கலவைக்கும் ஒரு குணம் உண்டு

உங்கள் தொட்டியின் பிஎச், பெரும்பாலும் அதில் நிரப்பிய பொருளைப் பொறுத்தது. பீட் எனப்படும் கரிமப் பாசிமண் இயல்பில் 4க்கு அருகில் இருக்கும். அதனால்தான் கடைப் பொட்டலங்களில் சுண்ணாம்புத்தூள் முன்பே கலக்கப்பட்டிருக்கும். தேங்காய் நார்த்தூள் 6ஐ ஒட்டி வரும், நல்ல பொருள்தான். ஆனால் கழுவாத மலிவுரகத்தில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று முறை நீரில் ஊறவைத்துப் பிழிந்து பயன்படுத்துங்கள். உமிக்கரி, சுட்ட மண் போன்றவற்றில் சாம்பல் மிகுந்திருந்தால் பிஎச் 7ஐத் தாண்டும். புதிய சிமெண்டுத் தொட்டியிலிருந்தும் சுண்ணாம்பு கசியும்.

மலேசிய வாசகர்கள் தோட்டத்துச் செம்மண்ணை அள்ளித் தொட்டியை நிரப்புவதுண்டு. அங்கே கதை தலைகீழ். பல்லாயிரம் ஆண்டுகளாகப் பெய்த மழை சுண்ணாம்புச்சத்தையும் மக்னீசியத்தையும் அடித்துச் சென்றதால் தீபகற்பத்தின் மண் பெரும்பகுதி 4க்கும் 5க்கும் இடைப்பட்ட அமில மண். அப்படிப்பட்ட மண்ணில் அலுமினியம் கரைந்து வேர் நுனியைத் தாக்கும், மணிச்சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்கள் மரத்தடியில் வெள்ளை மாவுபோல் சுண்ணாம்புத்தூள் போட்டதைப் பார்த்திருப்பார்கள். அது காரணமில்லாமல் செய்த வேலை அல்ல. ஆகவே சிங்கப்பூர்த் தாழ்வாரத்துச் சுட்ட மண் தொட்டிக்குச் சொன்ன மருந்து ஜோகூர் செம்மண் தொட்டிக்கு நஞ்சாகலாம்; அதுபோலத்தான் மறுதலையும்.

குழாய் நீர்? குழாய்கள் அரிக்காமல் இருக்கச் சுத்திகரிப்பு நிலையங்களில் அதன் பிஎச் சற்று உயர்த்தப்படுகிறது. ஆனால் நம் ஊர் நீர் மென்னீர், சுண்ணாம்பு அதில் குறைவு. அதனால் மண்ணை மாற்றும் பலம் அதற்கு அதிகம் இல்லை. நீரின் மேல் பழி போடவேண்டாம்.

எரு எப்படிச் சோறாகிறது?

இயற்கை உரத்தில் உள்ள தழைச்சத்தின் பெரும்பகுதி புரதத்தில் கட்டுண்டிருக்கிறது. வேரால் புரதத்தை விழுங்க முடியாது என்றே வைத்துக்கொள்ளலாம். நுண்ணுயிர்கள் அதை உடைத்து அம்மோனியம் ஆக்கும். பிறகு வேறு இரண்டு வகை நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றும். இந்தக் கடைசி வேலையில் அமிலம் வெளியாகும். எனவே எரு போட்ட தொட்டியின் பிஎச் முதலில் சற்று ஏறி, பின்னர் மெல்ல இறங்குவது இயல்பு. மண் மிகவும் அமிலமானால் அந்த நுண்ணுயிர்களே சோர்ந்துவிடும்.

கோழி எருவில் இன்னொரு சங்கதி உண்டு. முட்டைக் கோழிகளின் தீவனத்தில் ஓடு உறுதியாக வேண்டும் என்று சுண்ணாம்புச்சத்து சேர்க்கிறார்கள். அதில் ஒரு பங்கு எருவுக்கு வந்துசேரும். ஆகவே அந்த எரு காரப் பக்கம் சாயும். அம்மோனியம் மிகுந்த எருவோடு காரமும் சேர்ந்தால் அம்மோனியம் அம்மோனியா வாயுவாக மாறும். பிஎச் ஓர் அலகு ஏறினால் இந்த வாயுவின் பங்கு ஏறக்குறைய பத்து மடங்காகிறது. மூக்கைத் துளைக்கும் அந்த வாடை உங்கள் பணம் காற்றில் போவதன் அடையாளம் மட்டுமல்ல, இளவேர் வெந்துகொண்டிருப்பதன் அடையாளமும்கூட. எருவையும் சுண்ணாம்பையும் ஒரே நாளில் போடக்கூடாது என்பது இதனால்தான். இரண்டு வார இடைவெளி விடுங்கள்.

அளவு? விதையிலிருந்து முளைத்த கன்றுக்கு முதல் சில வாரங்களுக்கு விதையே கட்டுச்சோறு. உண்மையான இலைகள் நான்கைந்து வந்தபின் தொடங்கலாம். எனக்குப் பிடித்தது மண்புழு உரம்: மணம் இல்லை, வேரைச் சுடாது. ஆனால் அதுவும் கலவையில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருக்கட்டும். கோழி எரு உருண்டை என்றால் 15 சென்டிமீட்டர் தொட்டிக்கு ஒரு தேக்கரண்டி, தண்டைத் தொடாமல் ஓரமாக, ஆறு வாரத்துக்கு ஒருமுறை. நன்கு மக்கிய, சூடேற்றிப் பதப்படுத்திய உருண்டையையே வாங்குங்கள். பச்சை எருவில் சால்மொனெல்லா கிருமி இருக்கலாம். இலையைப் பறித்துச் சட்னியில் போடப்போகிறவர் நீங்கள். மீன் உரக் கரைசலைப் புட்டியில் சொன்ன அளவில் கால் பங்கு வலுவில், இரு வாரத்துக்கு ஒருமுறை கொடுக்கலாம். பூனைகள் வரும், அதைச் சமாளிப்பது உங்கள் பொறுப்பு. புண்ணாக்கு நல்ல உரம், ஆனால் ஊறவைக்கும் வாடைக்கு அண்டை வீட்டார் என்ன சொல்வார்கள் என்று யோசித்துக்கொள்ளுங்கள். 30 பாகை வெப்பத்தில் நுண்ணுயிர்கள் வேகமாக வேலை செய்யும். குளிர்நாட்டுப் பொட்டலத்தில் ‘மெதுவாக வெளிப்படும்’ என்று எழுதியிருப்பதை அப்படியே நம்பவேண்டாம்.

தொட்டி விளிம்பில் வெள்ளைப் படிவு தெரிந்தாலோ இலை நுனி கருகினாலோ உப்பு சேர்ந்துவிட்டது என்று பொருள். உரத்தை நிறுத்தி, அடித்துளை வழியே தாராளமாக வழியும்படி இரண்டு மூன்று முறை நீர் விடுங்கள்.

மோர், முட்டை ஓடு, காப்பித்தூள்

அத்தையின் மோருக்கு வருவோம். அதைக் கேலி செய்ய நான் தயாராக இல்லை. புளித்த மோரின் பிஎச் 4.5ஐ ஒட்டியது. கொழுந்து மஞ்சளான, காரப் பக்கம் சாய்ந்த தொட்டியில் அதை ஊற்றினால் வேரருகே கொஞ்சம் இரும்பு கரைந்து வர வாய்ப்புண்டு. ஆனால் மோரின் அமிலம் லாக்டிக் அமிலம். நுண்ணுயிர்களுக்கு அது தின்பண்டம், சில நாட்களில் தின்றுவிடும். அத்துடன் பிஎச் பழைய இடத்துக்கே திரும்பும். மிஞ்சுவது மோரில் இருந்த சிறிதளவு தழைச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும். ஆக மோர் ஒரு லேசான உணவு. மண்ணைத் திருத்தும் மருந்து அல்ல. பத்து மடங்கு நீர் கலந்து மாதம் ஒருமுறை ஊற்றினால் தீங்கில்லை. உப்புப் போட்ட மோர் மட்டும் வேண்டவே வேண்டாம்.

முட்டை ஓடு ஏறக்குறைய முழுக்கச் சுண்ணாம்பு. கையால் நொறுக்கிய துண்டுகள் ஆண்டுக்கணக்கில் அப்படியே கிடக்கும். மாவாக அரைத்தால் வேலை செய்யும், ஆனால் அமில மண்ணுக்கு மட்டும். காப்பித்தூள் மண்ணை அமிலமாக்கும் என்பார்கள். அமிலத்தில் பெரும்பகுதி உங்கள் கோப்பைக்குப் போய்விட்டது. வடிகட்டிய சக்கை நடுநிலைக்கு நெருக்கம். அதைக் கெட்டியாகப் பரப்பினால் பூஞ்சணம்தான் மிச்சம்.

ஊகிக்காமல் அளப்பது

கடைகளில் விற்கும், மின்கலம் இல்லாத இரட்டைக் கம்பிக் கருவியை மண்ணில் குத்தினால் முள் நகரும். நார்த்தூள் போன்ற தளர்வான கலவையில் அது காட்டும் எண்ணை நான் நம்பமாட்டேன். வேறொரு வழி: செடிக்கு வழக்கம்போல் நீர் விட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் விடுங்கள். அடியில் சுத்தமான தட்டை வைத்து, மேலே 100 மில்லிலிட்டர் காய்ச்சிவடித்த நீரை மெல்ல ஊற்றுங்கள். தட்டில் வழிவது வேரைச் சுற்றியிருந்த நீர். அதில் பிஎச் தாளை நனைத்துப் பாருங்கள். 1 முதல் 14 வரை காட்டும் தாள் இதற்கு முரடு. 5க்கும் 8க்கும் இடையை மட்டும் நுணுக்கமாகக் காட்டும் தாள் வேண்டும். மீன்தொட்டிக் கடையில் விற்கும் சொட்டு மருந்தும் 6க்கு மேல் உதவும்.

சங்குப்பூ நீரால் அளக்கலாமா என்று கேட்பீர்கள். நாசி கெராபுவுக்கு நிறம் தரும் அந்த நீலம், எலுமிச்சைச் சாறு பட்டதும் ஊதாவாகும். பிள்ளைகளுக்குக் காட்ட அருமையான சோதனை. ஆனால் 5க்கும் 7க்கும் இடையில் அது நீலமாகவே இருந்துவிடும். நமக்குத் தேவையான இடத்தில்தான் ஊமையாகிறது.

அளந்தது 7க்கு மேல் என்றால் சாம்பல், முட்டை ஓடு, சுண்ணாம்பு மூன்றையும் நிறுத்துங்கள். சிறு தொட்டிக்குக் கந்தகத்தூள் போட்டு மாதக்கணக்கில் காத்திருப்பதைவிட, கன்றைப் புதிய நார்த்தூள், மண்புழு உரக் கலவைக்கு மாற்றுவதே எளிது. அவசரத்துக்கு இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்துவைத்திருக்கும் கீலேட் இரும்பு உதவும். காரமண்ணுக்கென்று விற்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள். அது இயற்கை உரம் அல்ல என்று சிலர் முகம் சுளிப்பார்கள். சாகப்போகும் கன்றுக்கு அந்த வாதம் தேவையில்லை. 5.5க்குக் கீழே என்றால் டோலமைட் தூள், ஒரு லிட்டர் மண்ணுக்கு ஒரு கிராம் போட்டு, மூன்று வாரம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள்.

வெளுத்த பழைய இலை முழுப் பச்சைக்குத் திரும்பும் என்று எதிர்பார்க்காதீர்கள். அடுத்து வரும் கொழுந்தைப் பாருங்கள். கறிவேப்பிலை மெதுவாக வளர்வது, ஒரு மாதம்கூட ஆகலாம். அதுவரை வேறு எதையும் போடவேண்டாம். தட்டில் வழிந்த பழுப்பு நீரை அன்றே கொட்டிவிட்டுத் தட்டைத் தேய்த்துக் கழுவுங்கள். ஏடிஸ் கொசுவுக்கு ஒரு தட்டு நீர் தாராளம்.