ஒரு தீக்குச்சியில் எத்தனை ஜூல்?

ஒரு தீக்குச்சி தலை முதல் அடி வரை எரிந்து முடிந்தால் ஏறத்தாழ 1,000 ஜூல் ஆற்றல் வெளிவருகிறது. 25 கிலோ அரிசி மூட்டையைத் தரையிலிருந்து மொட்டை மாடிக்கு, 4 மீட்டர் உயரத்துக்கு, ஏற்றவும் கிட்டத்தட்ட அவ்வளவு ஆற்றல்தான் வேண்டும். கணக்கு எளிது. 25 கிலோவை 9.8ஆல் பெருக்கி, அதை 4 மீட்டரால் பெருக்கினால் 980 ஜூல். குச்சியின் வெப்பம் முழுவதையும் வீணாக்காமல் வேலையாக மாற்ற ஒரு பொறி இருந்தால், ஒற்றைக் குச்சி மூட்டையை மாடிக்கு ஏற்றிவிடும்.

விருதுநகர் மாவட்டப் பிள்ளைகளுக்கு ஆற்றல் பாடத்தை இந்தக் குச்சியிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்று நினைக்கிறேன். பாடப்புத்தகத்தின் வில்லும் அம்பும் அணைநீரும் நல்ல உதாரணங்களே. ஆனால் சிவகாசியிலும் சாத்தூரிலும் வெம்பக்கோட்டையிலும் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் பலரின் வீட்டில் யாராவது ஒருவர் தீப்பெட்டி ஆலைக்கோ பட்டாசு ஆலைக்கோ போகிறார். இயற்பியல் அவர்கள் வீட்டுச் சோற்றோடு கலந்திருக்கிறது.

1922இல் சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று, மறு ஆண்டு ஊர் திரும்பினார்கள். மழை குறைந்த, வெயில் காயும் பூமி. வெள்ளாமைக்குப் பகையான அந்த வறட்சி, மருந்தில் தோய்த்த குச்சியைக் காயவைக்கத் துணையாயிற்று. பட்டாசு அதற்குப் பின்னால் வந்தது.

குச்சிக்கே திரும்புவோம். பெட்டியின் பக்கவாட்டுப் பட்டையில் சிவப்பு பாஸ்பரசும் கண்ணாடித் தூளும் இருக்கின்றன. குச்சித் தலையில் பொட்டாசியம் குளோரேட்டும் கந்தகமும். சேர்ந்தால் எளிதில் தீப்பிடிக்கும் பாஸ்பரசையும் குளோரேட்டையும் பிரித்து ஒன்றைப் பெட்டியிலும் மற்றதைக் குச்சியிலும் வைக்கும் யோசனைக்கு 1844இல் காப்புரிமை பெற்றவர் சுவீடனின் குஸ்தாவ் எரிக் பாஷ். உரசும்போது நாம் கொடுப்பது என்ன? 2 நியூட்டன் விசையில் 3 சென்டிமீட்டர் இழுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். விசையைத் தொலைவால் பெருக்கினால் நாம் செய்த வேலை 0.06 ஜூல். அந்த உராய்வின் வெப்பத்தில் பட்டையிலுள்ள பாஸ்பரஸ் துளி பற்றுகிறது. அது குச்சித் தலையைப் பற்றவைக்கிறது. தலை மரத்தைப் பற்றவைக்கிறது. கொடுத்தது 0.06, வந்தது 1,000.

அப்படியானால் ஆற்றல் புதிதாகப் பிறந்ததா? இல்லை. மரம் வெயிலை வாங்கி வேதி ஆற்றலாகச் சேர்த்து வைத்திருந்தது. நம் உரசல் அதற்கு வழி திறந்துவிட்டது, அவ்வளவே. கண்மாய்க்கரையின் உள்சரிவில் ஒரு பாறாங்கல் கிடக்கிறது. அதைக் கரை உச்சி வரை கொஞ்சம் தள்ளிவிட்டால் போதும், மறுபக்கத்துப் பள்ளத்துக்குத் தானே உருண்டு போகும். அந்தக் கொஞ்சத் தள்ளலைத்தான் வேதியியலில் கிளர்வு ஆற்றல் என்கிறோம். மரக்கட்டைக்கு அந்தக் கரை உயரம். பட்டாசு மருந்துக்கு அது மிகவும் தாழ்வு.

இனி ஒரு வியப்பு. வெடிமருந்தான கருமருந்து ஒரு கிராம் எரிந்தால் சுமார் 3,000 ஜூல் கிடைக்கும். ஒரு கிராம் அரிசியிலோ சுமார் 15,000 ஜூல். வெடிமருந்தைவிடச் சோற்றுக்குப் போடும் அரிசியில் ஐந்து மடங்கு ஆற்றல் இருக்கிறது! காரணம், அரிசி எரியத் தேவையான ஆக்சிஜனைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்கிறது. வெடிமருந்து தன் ஆக்சிஜனைத் தானே சுமக்கிறது. அதன் எடையில் பெரும்பகுதி, ஆக்சிஜனைத் தாங்கி நிற்கும் வெடியுப்பு. எரிபொருளான கரியும் கந்தகமும் மிச்சப் பகுதிதான்.

பிறகு ஏன் அரிசி வெடிப்பதில்லை? விடை நேரத்தில் இருக்கிறது. அரிசியின் ஆற்றலை உடம்பு பல மணி நேரம் மெல்ல மெல்லச் செலவழிக்கிறது. வெடிமருந்தில் ஆக்சிஜன் பக்கத்திலேயே இருப்பதால் காத்திருக்கத் தேவையில்லை. ஒரு கிராமின் 3,000 ஜூல் நூறில் ஒரு நொடியில் வெளிவருவதாகக் கொண்டால், அது 3 லட்சம் வாட், அதாவது 400 குதிரைத்திறன். கிணற்றுமேட்டு 5 குதிரைத்திறன் மோட்டார்கள் 80 சேர்ந்து இழுக்கும் இழுப்பு அந்த நூறில் ஒரு நொடிக்கு அங்கே இருக்கிறது. ஆற்றல் வேறு, திறன் வேறு என்று தேர்வுக்கு மனப்பாடம் செய்கிறோமே, அந்த வேறுபாடு இதுதான். புஸ்வாணத்தின் வாய் திறந்திருக்கிறது, ஆகவே வாயு பூவாய்ப் பொங்கி வெளியேறுகிறது. அணுகுண்டு வெடியைச் சணல் சுற்றி இறுக்கி அடைத்திருக்கிறார்கள். வாயு போக வழியின்றி அழுத்தம் ஏறி, உறை கிழியும் கணத்தில் எல்லாம் ஒன்றாக வெளிவருகிறது.

ராக்கெட்டில் ஆற்றலின் வரவு செலவைப் பார்க்கலாம். 20 கிராம் ராக்கெட் 50 மீட்டர் ஏறினால் அது பெற்ற நிலை ஆற்றல் 10 ஜூலுக்குச் சற்றுக் குறைவு. அதில் 3 கிராம் மருந்து எரிந்திருந்தால் செலவு 9,000 ஜூல். மீதி? கீழ்நோக்கிப் பீறிட்ட சூடான வாயுவிலும், காற்றை விலக்கிப் போனதிலும், ஒளியிலும் ஒலியிலும் போயிற்று. எதுவும் தொலையவில்லை. தீபாவளி இரவில் எரிந்த மருந்தின் ஆற்றல் ஏறக்குறைய எல்லாமே கடைசியில் ஊர்க்காற்றை ஒரு சிறிது சூடாக்கி முடிகிறது.

கம்பி மத்தாப்பில் பொறியாய்ச் சிதறுவது இரும்புத்தூள். கண் கூசும் வெண்மை அலுமினியத்தூள். ஒரு கிலோ அலுமினியத்தைத் தாதுவிலிருந்து பிரிக்க ஏறத்தாழ 14 யூனிட் மின்சாரம் தேவை. மேட்டூரிலும் அப்படி ஓர் ஆலை பல ஆண்டுகள் இயங்கியது. அந்த அலுமினியம் எரியும்போது எட்டு யூனிட்டுக்கு மேல் திரும்பத் தருகிறது. மத்தாப்பின் வெளிச்சம் எங்கோ ஓர் உலையில் என்றோ செலவான மின்சாரம்.

இந்தப் பாடத்தைத் தேர்வோடு விட்டுவிட முடியாது. 2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசியை அடுத்த முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஒவ்வோர் ஆண்டும் 'உராய்வு காரணமாக விபத்து' என்று செய்தி வருகிறது. படிப்பவர்களுக்கு அது ஒரு சொல். அதன் அளவு தெரிந்தால்தான் அச்சம் வரும். வறண்ட காற்றில் நைலான் துணி உடுத்தி நடப்பவர் உடம்பில் உராய்வால் 10,000 வோல்ட் நிலைமின்சாரம் சேரக்கூடும். அதன் ஆற்றல் சுமார் 5 மில்லிஜூல். குச்சி உரசும் வேலையில் பன்னிரண்டில் ஒரு பங்கு. சில மருந்துகளுக்கு இப்படியொரு பொறியே போதும். அதனால்தான் பருத்தி உடை, இரும்பு அல்லாத கருவிகள், தரையில் மின்கடத்தும் ரப்பர் விரிப்பு, உடம்பின் மின்னேற்றத்தை மண்ணுக்குள் இறக்க வாசலில் ஓர் உலோகத் தகடு. அறைக்கு நான்கு பேருக்கு மேல் கூடாது என்பது, விபத்து நேர்ந்தால் உயிரிழப்பு குறைய வேண்டும் என்பதற்காக. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும் என்பது, ஓர் அறையின் ஆற்றல் அடுத்த அறையின் கிளர்வு ஆற்றலாகிவிடக் கூடாது என்பதற்காகத்தான்.

உராய்வே இல்லாமலும் தீ வரும். அலுமினியம் கலந்த மருந்தில் ஈரம் ஏறினால் உள்ளுக்குள் மெதுவாக வினை நடந்து வெப்பம் கசியும். பரப்பி வைத்த மருந்தில் அந்த வெப்பம் காற்றோடு போய்விடும். குவித்து மூடிய மருந்தில் போக இடமில்லை; சூடு ஏற ஏற வினை வேகமெடுக்கும், வினை வேகமெடுக்கச் சூடு ஏறும். இரவெல்லாம் யாரும் தொடாமல் கிடந்த குவியல் விடியலில் தானாகப் பற்றிவிடலாம். கலந்த மருந்தை அன்றன்றே தீர்த்துவிட வேண்டும், மிச்சத்தை அறைக்குள் வைத்துப் பூட்டிப் போகக்கூடாது என்று அனுபவமுள்ள தொழிலாளர்கள் கண்டிப்பாகச் சொல்வது இதனால்தான்.