சேக்ஸ்பியரின் சுவடுகள்

நாடகாசிரியர் சேக்ஸ்பியர் தம் கைப்பட எழுதிய முழு நாடகப் பிரதி ஒன்றேனும் இன்று கிடைத்திலது. ஐயத்திற்கிடமின்றி அவருடையனவாகக் கொள்ளப்படுவன ஆறு கையொப்பங்களே. ஆயின், அவரை நாம் அறிவது எங்ஙனம்? ஊரார் பேணிய பத்திரங்களும் நண்பர் தொகுத்த நூலொன்றுமே அதற்கு விடை தருவன.

ஏவன் நதிக்கரையிலுள்ள ஸ்ராற்போட் நகரின் பதிவுகளிலே, ஹென்லி வீதியிற் குப்பைமேடு குவித்தமைக்காக யோன் சேக்ஸ்பியர் என்பார்க்கு 1552 ஆம் ஆண்டில் ஒரு சிலிங் குற்றப்பணம் விதிக்கப்பட்ட செய்தி உளது. அவரே கவிஞரின் தந்தையார். கையுறை செய்யுந் தொழிலினர். 1564 இல் ஞானஸ்நானம் பெற்ற மைந்தர், தோலும் கத்தியும் புழங்கிய மனையிலேயே வளர்ந்தார். 'பன்னிரண்டாம் இரவு' என்னும் நாடகத்தில் வரும் விகடன், சொல்லை மெல்லிய ஆட்டுத்தோற் கையுறைக்கு ஒப்பிட்டு, இரண்டினையும் எளிதில் உட்புறம் வெளியாகத் திருப்பிவிடலாம் என்கிறான். தந்தையின் தொழிற்கூடம் மைந்தரின் உவமையாயிற்று.

அவருக்கு எழுதப்பட்ட கடிதங்களுள் எஞ்சியது ஒன்றே. 1598 இல் றிச்சட் குவினி என்னும் ஊரவர் முப்பது பவுண் கடன் வேண்டி எழுதிய அக்கடிதம், குவினியின் கடிதக் கட்டிலேயே கிடந்து, இன்று ஸ்ராற்போட்டிற் பேணப்படுகின்றது. கவிதையைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. எனினும், அவசரத்துக்கு உதவக்கூடியவர் என ஊரார் நம்பிய ஒரு மனிதரை அது நமக்குக் காட்டுகின்றது.

1616 இல் எழுதிய மரணசாசனத்தில், உடன்நடித்த ஹெமிங்ஸ், பேபேஜ், கொண்டெல் ஆகிய மூவர்க்கும் மோதிரம் வாங்கச் சிறுதொகை விட்டுச் சென்றார். அம்மூவருள் ஹெமிங்ஸும் கொண்டெலும் அவ்வன்பிற்குக் கைம்மாறு செய்தனர். 1623 இல் அவர்கள் தொகுத்து வெளியிட்ட பெருநூலிலுள்ள 36 நாடகங்களுள் 18 அதற்குமுன் அச்சேறாதவை. 'மக்பெத்', 'யூலியஸ் சீசர்' ஆகியன அவற்றுட் சில. மேற்கூறிய கையுறை உவமை பயிலும் நாடகமும் அவற்றுள் ஒன்றே. அந்நூற் பிரதிகளுள் இன்று எஞ்சியவை ஏறத்தாழ 235. அவற்றுள் 82 வாஷிங்ரனிலுள்ள போல்ஜர் நூலகத்தில் உள்ளன.

நண்பர் இருவர் முயன்றிராவிடின் நாடகங்களிற் பாதி மறைந்திருக்கலாம். ஊரார் பழைய ஏடுகளை எறிந்திருப்பின் மனிதர் மறைந்திருப்பார். குற்றப்பணக் குறிப்பும் கடன் கடிதமும் எழுதப்பட்ட காலத்தில் அவற்றின் அருமையை யார் அறிந்தார்? எதிர்காலம் எதனைத் தேடும் என்பதை நிகழ்காலம் அறியாது. ஆதலின், சிறியதென்று கருதி எதனையும் அழித்துவிடாது பேணுதல் கற்றோர் கடனாகும்.